பின்வாசல் ஆணி

பூட்டின் வளையத்துக்குள் கொப்பரை கெல்லும் கத்தியை நுழைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டுத் திருகினாள் பாக்கியலக்ஷ்மி. பூட்டு அசைந்து கொடுக்கவில்லை. கத்திதான் வழுக்கி அவள் விரலைக் கீறியது.

"சனியன்!"

விரலை வாயில் வைத்துச் சப்பினாள். ரத்தத்தோடு காறலெடுத்த எண்ணெயும் நாக்கில் இழுகியது. சித்தப்பா பிச்சைமணியின் வீட்டில் எதைத் தொட்டாலும் இந்த எண்ணெய்தான். கத்தியில், கதவில், தலையணையில், அவர் பேசும் பேச்சில்கூட.

நேரம் இல்லை. காயல் கடவில் தலைமுழுகப் போன சித்தப்பா எந்த நிமிஷமும் திரும்பிவிடுவார். சுவருக்கு அந்தப் பக்கம், அவள் வீட்டில், அப்பாவின் பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்த சனம் இப்போதே பந்திக்கு இடம் பிடித்துக்கொண்டிருந்தது. "பாயசம் பருப்பா, பாலா?" என்று யாரோ விசாரிப்பது இங்கே கேட்டது.

பூட்டே இல்லாமல் கிடந்த டிரங்குப் பெட்டி இது. அப்பா செத்த மறுநாள் இதற்குப் புதுப் பூட்டு வந்திருந்தது. எதற்கு?

இன்னொரு திருகு. டக்!

பெட்டி வாயைப் பிளந்தது. மல்வேட்டி, போர்வை, புகையிலை டப்பா, கம்பெனிக் காலண்டர். எல்லாவற்றுக்கும் அடியில் பழைய பேப்பரில் பொதிந்த ஒன்று பாம்புபோலச் சுருண்டு கிடந்தது. பேப்பரைக் கிழித்தாள்.

அப்பாவின் பெல்ட்!

பட்டாளத்திலிருந்து அப்பா கொண்டு வந்த அகலமான காக்கி பெல்ட். பித்தளை வில்லையின் ஓரத்தில் பர்மாவில் பட்ட நசுங்கல் அப்படியே இருந்தது. கரியோ புகையோ ஒரு துளி இல்லை. வில்லை கண்ணாடிபோலப் பளபளத்தது. முகர்ந்து பார்த்தாள். லேசாகப் புளி மணத்தது.

தேய்த்து வைத்திருக்கிறார்! எர்ணாகுளம் பிராட்வேயில் பழைய பித்தளை எடுக்கிறவனிடம் கொண்டுபோய்க் கொடுக்க, அண்ணன் பெல்ட்டைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறார்!

இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

*

நடந்ததில் பாதி ஊருக்கே தெரியும்.

மட்டாஞ்சேரி பஜாரில், காயலை ஒட்டிய கொப்பரைக் கோடவுனில் தீப்பிடித்தது. லீடிங் ஃபயர்மேனான அப்பா இசக்கிமுத்து வண்டியோடு போய்த் தீயை அணைத்தார். ஆனால் கொப்பரைத் தீ வெளியே அணைந்தாலும் குவியலுக்குள் கங்கு உட்கார்ந்திருக்கும். அதைத் தேடிப் பின்வாசல் வழியாகத் தனியாக உள்ளே போனார். அவர் உள்ளே இருக்கும்போதே அந்தக் கதவு வெளியிலிருந்து சாத்தப்பட்டது. இடுக்கெல்லாம் ஈரச் சாக்கால் அடைக்கப்பட்டது. காற்றுப் போகாவிட்டால் மிச்சக் கங்கு தானாகச் செத்துவிடும், சரக்கும் தண்ணீரில் நனையாமல் தப்பும். கோடவுன்காரர்களுக்கு இது வழக்கம்.

கதவைத் திறந்தபோது அப்பா வாசற்படியில் தலை வைத்துக் கிடந்தார்.

கதவைச் சாத்தச் சொன்னவர் கோடவுன் மேஸ்திரி. மேஸ்திரி வேறு யாருமல்ல. அப்பாவின் கூடப் பிறந்த தம்பி பிச்சைமணி.

எர்ணாகுளம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டியூட்டியில் இருந்த பாக்கியம் மாலைப் படகில் வந்து சேர்ந்தபோது, அப்பாவை முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள்.

மிச்சப் பாதியைச் சொன்னவர் ஃபயர் எஞ்சின் டிரைவர் சலாவுதீன்.

"ஹவில்தார் அண்ணன் எந்தக் கெட்டிடத்துக்குள்ள போனாலும் பெல்ட்டைக் கழட்டி வாசல்ல மாட்டிட்டுத்தான் போவாரு மோளே. பட்டாளத்துப் பழக்கம். பர்மாவுல ஜப்பான்காரன் தோண்டிப் போட்ட குழிக்குள்ள எறங்கறப்போ அவங்க ஆளுங்க அப்படித்தான் செய்வாங்களாம். பெல்ட்டு வெளிய கெடந்தா உள்ள ஆள் உண்டு. வெடி வெக்கக் கூடாது, மூடக் கூடாது. போனவன்தான் திரும்பி வந்து எடுக்கணும். வேற எவனும் தொடப்படாது. எங்க ஸ்டேஷன்ல எல்லாருக்கும் இத படிப்பிச்சது அவருதான். பஜார்ல சாக்குத் தூக்கறவனுக்குக்கூட அறியும். அன்னிக்கும் பின்வாசல் ஆணியில மாட்டினாரு. என் ரெண்டு கண்ணால கண்டேன். அப்புறந்தான் பம்பைப் பாக்க ஜெட்டிக்குப் போனேன்."

பஜாருக்கே தெரிந்த அந்தப் பழக்கம் வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பா வேலைப் பேச்சை வாசலோடு விட்டுவிட்டு வருகிறவர்.

ஆனால் விசாரணையில் சித்தப்பா அடித்துச் சொல்லிவிட்டார். "பெல்ட் இல்ல சார். நான் பாக்கும்போது அது வெறும் ஆணி. அண்ணன் வெளிய போயாச்சுன்னு நெனச்சுத்தான் சாத்தச் சொன்னேன்."

பெல்ட் எங்கேயும் அகப்படவில்லை. சலாவுதீன் பொய்யன் ஆனார். அப்பா, தான் போட்ட விதியைத் தானே மீறி அஜாக்கிரதையாகச் செத்தவர் ஆனார். இன்று விசாரணை நடத்தும் ஃபயர் ஆபீசர் துக்கம் விசாரிக்க வருகிறார். அம்மாவின் வாக்குமூலத்தையும் வாங்கிக்கொண்டு, விசாரணையை அப்படியே முடித்துவிடுவார். முடித்துவிட்டால் அதுதான் அப்பாவின் கடைசிப் பெயர்.

அம்மா ஆவுடையம்மாளிடம் இந்தப் பெல்ட் விவகாரத்தைப் பாக்கியம் மூச்சு விடவில்லை. அவள் சுருண்டு படுத்துக் கிடக்கிறாள். அவளிடம் போய் இதையுமா?

*

"ஏட்டி! என்ன காரியம் பண்ணுத?"

வாசலில் சித்தப்பா. மழித்த தலை, ஈர வேட்டி, நெற்றியில் கரைந்து வழியும் திருநீறு. அவர் கண் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பெல்ட்டைப் பார்த்தது.

"அதைக் கீழ வை பாக்கியம்."

"வெறும் ஆணியா சித்தப்பா?"

"வெறும் ஆணிதான். நான் பாக்கும்போது வெறும் ஆணிதான்."

"அப்போ இது பறந்து வந்து உங்க பெட்டிக்குள்ள படுத்துக்கிச்சாக்கும்!"

சித்தப்பா கதவைச் சாத்தினார். அந்தச் சத்தத்தில் பாக்கியத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதவு சாத்தக் கூசாத கை!

சாத்திய கையோடு அவர் தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்தார். ஈரக்கை நத்தைபோல ஜில்லென்று ஒட்டியது. காலை உதறினாள்.

"ஒண்ணும் கேக்காத மக்களே. இத இப்பவே காயல்ல எறிஞ்சிரு. நானே எறிஞ்சிருப்பேன். அண்ணன் சாமான், மனசு வரல. மதினி கண்ணுல மட்டும் காட்டிராத."

"அம்மா கண்ணுல படக் கூடாது, ஆபீசர் கண்ணுல படக் கூடாது, மொதலாளி மனசு கோணக் கூடாது. நீங்க எல்லாருக்கும் நல்லவரு! அப்பாவுக்கு மட்டும் கதவு."

"ஆபீசர் என்னத் தூக்குலகூடப் போடட்டும் பிள்ளே. மதினிக்கு மட்டும்..."

முகம் கோணிக்கொண்டு அழுதார். மூக்கு வழிந்தது. அழுகைகூட இவருக்குச் சுத்தமாக வராதா என்று நினைத்துக்கொண்டே, பெல்ட்டைத் தாவணிக்குள் சுற்றி இடுப்போடு அணைத்தபடி, பாக்கியம் அவரைத் தாண்டிக் கதவைத் திறந்துகொண்டு வெளியேறினாள்.

*

முற்றத்தில் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

கோடவுன் முதலாளி வரையச் சொல்லிக் கொண்டுவந்த படம். அப்பாவின் தொங்குமீசையை ஓவியன் ஒட்ட வெட்டி, கன்னத்தில் ரோஸ் பூசி, நாடகத்து ராஜபார்ட்டைப்போல ஆக்கியிருந்தான். இடது பக்கம் இருக்க வேண்டிய பட்டாளத்து மெடல்கள் வலது பக்கம் குத்தியிருந்தன. படத்தின் அடியில் 'வீரர் இசக்கிமுத்து' என்று சின்ன எழுத்து. அதற்குக் கீழே 'அன்பளிப்பு' என்று தொடங்கிக் கம்பெனியின் பெயர், அதைவிடப் பெரிய எழுத்தில்.

முதலாளி வாசனைக் கைக்குட்டையால் காய்ந்த கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இசக்கிமுத்து எங்க குடும்பத்துல ஒருத்தன். என் சரக்குக்காக உயிரையே குடுத்தான்."

"பின்னே! லேசுப்பட்ட ஆளா?" என்றார் நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த பெரியப்பா முறைக்காரர், வடையை மென்றுகொண்டே. "பர்மாவுல ஜப்பான்காரன் ஒம்பது பேரை வெறுங்கையால கழுத்தத் திருகிப் போட்டவனாக்கும்."

"போன மாசம் ஏழு பேருன்னு சொன்னீரு அண்ணாச்சி."

"ரெண்டு பேரு ஆஸ்பத்திரியில செத்தான். ஏ, அந்த வடைத் தட்ட இப்படித் தள்ளு."

கொப்பரை கருகிய நாற்றம் பஜார் பக்கமிருந்து இன்னும் காற்றில் வந்துகொண்டேதான் இருந்தது. அதை மூக்கில் ஏற்றிக்கொண்டு இவர்களால் எப்படித் தின்ன முடிகிறது?

பாக்கியத்துக்குத் தெரிந்த அப்பா யார் கழுத்தையும் திருகியவர் அல்ல. பர்மாவிலிருந்து மலேரியாவும் மஞ்சள் கண்ணுமாகத் திரும்பி வந்து, தாத்தா பார்த்த கொப்பரைக் கோடவுன் வேலையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, தீயணைப்புப் படையில் சேர்ந்தவர். ஒரு வட்டிக்கடை பற்றி எரிந்தபோது, "என் இரும்புப் பெட்டி, இரும்புப் பெட்டி" என்று கடைக்காரர் தெருவில் புரண்டார். உள்ளே போன அப்பா, ஹெல்மெட்டில் ஒரு சினைப்பூனையை ஏந்திக்கொண்டு வெளியே வந்தார்.

"பெட்டி எங்கய்யா?"

"அது கத்தல மொதலாளி. இது கத்திச்சு."

அந்தப் பூனையின் வம்சம் இன்றும் இந்த முற்றத்தில்தான் திரிகிறது.

பட்டாளத்துக்குப் பிறகு அப்பாவால் அடைத்த அறையில் தூங்க முடியாது. கர்க்கடக மாதத்து அடைமழைச் சாரல் கட்டில்வரை அடித்தாலும் கதவு திறந்தே கிடக்கும். "கள்ளன் வந்தா?" என்பாள் அம்மா. "வந்தா உனக்குப் பேச்சுத் துணையாச்சு" என்பார் அப்பா.

அந்த மனிதரைத்தான் ஈரச் சாக்கு வைத்து அடைத்தார்கள்.

சுவரோரம் யூனிபாரத்தோடு சலாவுதீன் நின்றிருந்தார். யார் கூப்பிட்டும் உட்காரவில்லை.

"உக்காருங்க காக்கா. ஒரு வாய் சாப்பிடுங்க."

"பொய்யன்னு பேரு வாங்கினவனுக்குச் சோறு எறங்காது மோளே. அண்ணனுக்கு ஒரு சலாம் வெக்கத்தான் வந்தேன். வெச்சிட்டுப் போயிருவேன்."

"போகாதீங்க. ஆபீசர் வர்ற வரைக்கும் நில்லுங்க."

அவள் குரலில் என்ன கண்டாரோ, சலாவுதீன் அவள் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

*

ஆபீசர் எர்ணாகுளம் படகில் வந்து இறங்கி, வேர்த்து விறுவிறுத்து முற்றத்துக்குள் நுழைந்தார். முதலாளி எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். ஒருவர் ஓடிப்போய்ச் சாயா கொண்டுவந்தார்.

"மரண வீட்டில இதைப் பேசறதுக்கு க்ஷமிக்கணும் குட்டி" என்றார் ஆபீசர், பாக்கியத்தைப் பார்த்து. மலையாளமும் தமிழும் கலந்த சாந்தமான குரல். "ரிப்போர்ட்டை இன்னிக்கே மேல அனுப்பணும். இசக்கிமுத்து நல்ல ஃபயர்மேன். அதில சம்சயமே இல்ல. ஆனா அன்னிக்கு ஒரு அஜாக்கிரதை வந்து போச்சு. அடையாளம் வெக்காம உள்ள போனார். அம்மா ஒரு வார்த்தை சொன்னா முடிச்சிரலாம்."

"யாருக்கும் ஒரு நேரம் அப்படித்தான் சாரே" என்று முதலாளி பெருந்தன்மையோடு தலையை ஆட்டினார். "நாங்க யாரும் அதைக் குத்தமா எடுத்துக்கல."

குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லையாம்! பாக்கியத்தின் காது மடல் கொதித்தது.

தாவணியை விலக்கிப் பெல்ட்டை உருவி, எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள்.

மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன.

"யா அல்லா!" சலாவுதீன் ஓடி வந்தார். "இதுதான் சார்! நசுங்கல் பாருங்க! நான் சொன்னேன்ல! மாட்டினாருன்னு சொன்னேன்ல!" பெரிய ஆம்பிளை, குழந்தைபோல விசும்பினார்.

"இது எங்க கெடச்சது?" ஆபீசர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"எங்க சித்தப்பா பெட்டியில. பேப்பர்ல சுத்தி, துணிக்கு அடியில, புதுப் பூட்டுப் போட்டு."

"பாக்கியம், வேண்டாம்!" சித்தப்பா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தார். "வேண்டாம் மக்களே!"

"மேஸ்திரி" என்றார் ஆபீசர். சாந்தம் போய்விட்டிருந்தது. "பின்வாசல்ல இருந்து இதை எடுத்தது ஆரு?"

சித்தப்பா அடுக்களை வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அங்கே புகை மட்டும்தான் இருந்தது. பிறகு மொட்டைத் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாந்தான் சார். நாந்தான் எடுத்தேன். எழுதிக்கோங்க."

"எதுக்கு எடுத்தீங்க?"

"சரக்கு போயிரும்னு. என்ன வேணும்னாலும் எழுதிக்கோங்க சார். கையெழுத்துப் போட்டுத் தாறேன். மதினியைக் கூப்பிட வேண்டாம். ஸ்டேஷனுக்குப் போயிருவோம், வாங்க."

முதலாளி நாசூக்காக இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டார். "சே! கூடப் பொறந்தவனையா? இப்படிப்பட்டவன்னு எனக்குத் தெரியாமப் போச்சே சாரே. நான் இவங்கிட்ட ஒண்ணும் சொல்லல." சொல்லும்போதே வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார், சித்தப்பாவின் ஈரம் தன்மேல் பட்டுவிடாமல்.

ஜெயித்துவிட்டோம் என்று பாக்கியத்துக்குத் தோன்றியது. அப்பா ஜெயித்துவிட்டார். இனி யாரும் அவரை அஜாக்கிரதைக்காரர் என்று சொல்ல முடியாது. ஆனால் ஜெயித்த வாயில் இனிப்பு இல்லை. அந்தக் காறல் எண்ணெய்தான் இருந்தது. இத்தனை நாள் இவர் கையால்தான் அப்பாவுக்குப் பிண்டம் வைத்தார்கள். இவர் முகத்தில்தான் அப்பாவின் மூக்கு.

"த்தூ!"

எச்சில் சித்தப்பாவின் காலடியில் விழுந்தது. அவர் நகரவில்லை. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. ஏதோ பாரம் இறங்கியவர்போல, "போலாம் சார், போலாம்" என்று அவசரப்பட்டார்.

"யாருட்டி அது? கொழுந்தனைப் பாத்துத் துப்புறது?"

அடுக்களை வாசலில் அம்மா நின்றாள். வெறும் நெற்றி, கலைந்த தலை, கையில் ரசக் கரண்டி. இத்தனை நாளில் அவள் எழுந்து அடுப்படிக்கு வந்ததே இன்றுதான். கூட்டம் தானாக விலகி வழிவிட்டது.

"மதினி, நீங்க உள்ள போங்க" என்று சித்தப்பா பதறினார். "ஒண்ணுமில்ல. நீங்க போங்க!"

அம்மா அவரைப் பார்க்கவில்லை. பாக்கியத்தின் கையைப் பார்த்தாள். பார்த்ததும், அப்பா போன பிறகு முதல் தடவையாக அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அடி, இது இங்கயா இருக்கு? கொண்டா இப்படி. இத எங்கெல்லாம் தேடினேன்! நம்ம வாசல் ஆணியில மாட்டி வெச்சேனே, காணமே, எந்தக் களவாணி கொண்டு போனானோன்னு..."

ஆபீசர் மெல்லக் கேட்டார். "எப்ப மாட்டினீங்கம்மா?"

"மதினி!" என்றார் சித்தப்பா. அது கூப்பிடுகிற குரலாக இல்லை.

"அன்னிக்குத்தான் சாரே" என்றாள் அம்மா. ரசக் கரண்டியைச் சலாவுதீன் கையில் கொடுத்துவிட்டு, பெல்ட்டை வாங்கி, வில்லையை முந்தானையால் துடைக்கத் தொடங்கினாள். "மத்தியானம் கோடவுனுக்கு அவருக்குச் சோறு கொண்டு போனேன். முன்வாசல்ல ஒரே சனம். சந்து வழியாப் பின்பக்கம் போனா, ஆளைக் காணல. பெல்ட்டு மட்டும் கதவாணியில தொங்குது. சாயா குடிக்கப் போயிருப்பாரு, இந்த மனுஷனுக்கு எந்தக் காலத்துல புத்தி வரும், பித்தளையாச்சே, எவனாவது அடிச்சிட்டுப் போயிருவானேன்னு கையோட எடுத்துட்டு வந்து புளி போட்டுத் தேச்சு மாட்டினேன். அவரு எங்க கழட்டிப் போட்டாலும் நாந்தானே சாரே எடுத்து வைப்பேன்?"